பசிக்கு அடியில் என்ன இருக்கிறது?

போன மாதம் எங்கள் பழைய மையத்திலிருந்து போன் வந்தது. இப்போது அங்கே மாணவர்களுக்குப் பொறுப்பாக இருக்கும் பெண் ஒரு காலத்தில் என்னிடம் பயிற்சி பெற்றவள். "மேடம், புது எம்.எஸ்.டபிள்யூ. பசங்க வந்திருக்காங்க. வேற வேற ஊரு, வேற வேற பாஷை, வேற வேற வீட்டு நிலைமை. இந்த மாதிரி மாணவர்களுக்கு எப்படித் துணையா இருக்கணும்னு எங்க ஸ்டாஃபுக்கு நீங்க பேசணும். பன்னெண்டு ஸ்லைடு போதும்" என்றாள்.

முப்பத்து நான்கு வருஷ வேலையில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒரே ஒரு விஷயம், அதற்கு ஒரு ஸ்லைடே அதிகம் என்றேன். அப்படியானால் எழுதியாவது கொடுங்கள் என்றாள். எழுத உட்கார்ந்துவிட்டேன். இதில் என் மானம் போகும். போகட்டும். ரிட்டயர் ஆனவளுக்கு மானம் போனால் பென்ஷனா நின்றுவிடும்?

நான் பெங்களூரில் குழந்தைகளுக்கான மனநல மையம் ஒன்றில் சமூகப் பணியாளராக இருந்தவள். பேச மறுக்கும் பிள்ளை, பள்ளிக்கூடம் என்றாலே வயிற்றைப் பிடித்துக்கொள்ளும் பிள்ளை, அவர்களைப் பெற்று முழிக்கும் அப்பா அம்மா, இவர்களோடுதான் என் காலம் போயிற்று. கூடவே, கல்லூரிகளிலிருந்து களப்பணிக்கு வரும் எம்.எஸ்.டபிள்யூ. என்னும் சமூகப் பணி முதுகலை மாணவர்களை மேய்ப்பதும் என் வேலை. காகிதத்தில் அதற்குப் பெயர் மேற்பார்வை.

என் சொந்தப் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டு வருஷம், நான்கு பருத்திப் புடவை, ஒரே ஒரு கேள்வி. "அப்போது உனக்கு எப்படி இருந்தது?" என் மேற்பார்வையாளர் எதற்கும் அதையே கேட்பார். சிவாஜி நகர் பஸ்ஸில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு ஒற்றைச் செருப்போடு வந்து நின்றபோதும் அதையேதான் கேட்டார். படித்து முடிப்பதற்குள் அந்தக் கேள்வி எனக்கும் தொற்றிக்கொண்டது. மூன்று மாடி ஏறி சிலிண்டர் கொண்டுவந்தவரிடம், "உங்களுக்கு எப்படி இருக்கிறது?" என்று உருக்கமாகக் கேட்டேன். "தண்ணி குடுங்கம்மா" என்றார். அதில் ஒரு பாடம் இருந்தது. நான் கவனிக்கவில்லை. கல்யாணமான ஆறாவது மாதம் என் வீட்டுக்காரர், "ரெஜினா, குழம்புல உப்பு கம்மின்னு நான் சொன்னா, குழம்புல உப்பு கம்மின்னு மட்டுந்தான் அர்த்தம்" என்றார். அதையும் கவனிக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் ரிட்டயர் ஆவதற்குக் கொஞ்ச வருஷம் முன்னால் மூன்று மாணவர்கள் வந்தார்கள். ஒருவர் கேரளத்துக் கன்னியாஸ்திரி, சிஸ்டர் லிஸ்ஸி. இன்னொருவன் ராய்ச்சூர் பக்கத்துப் பஸவராஜ். எங்கே உட்கார்ந்தாலும் தூங்கிவிடுவான், எழுப்பினால் அதுவரை நடந்ததைச் சரியாகச் சொல்வான். மூன்றாவது, ஸ்ரீராம்புரத்துத் தமிழ்ப் பெண் காவேரி. பெங்களூரில் இருந்துகொண்டு ஒரு தமிழ்க் குடும்பம் பிள்ளைக்குக் காவேரி என்று பேர் வைத்தது பெரிய துணிச்சல்தான். முதல் நாளே பஸவராஜ், "காவேரி நம்மது!" என்று கோஷம் போட்டான். "எங்க தெருவுக்கே ரெண்டு நாளிக்கு ஒரு தடவதான் வருது. இதுல உனுக்கு எங்கேர்ந்து விடறது?" என்றாள் அவள்.

காவேரியின் அம்மா மாநகராட்சியில் தெருப் பெருக்கும் வேலையில் இருந்தார். அப்பா இல்லை. இரண்டு தம்பிகள். அவர்கள் சந்தில் முதன்முதலில் முதுகலை வாசலை மிதித்தவள் இவள்தான். மனநல மையத்துக்குப் போகிறாள் என்று தெரிந்ததும் சந்து முழுக்க இவளை டாக்டராக்கிவிட்டது. முட்டி வலிக்குக் கூட வந்து கேட்டார்களாம். "நான் டாக்டர் இல்லன்னா, 'அப்ப நர்ஸா'ன்றாங்க மேடம். அதுவும் இல்லன்னா, 'அப்ப எதுக்குடி தினம் போற'ன்றாங்க" என்றாள். கோர்ஸ் முடித்தால் அவளுக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் குழந்தைகள் ஆலோசகர் வேலை காத்திருந்தது. ஜூன் மாதம் பாஸ் சர்ட்டிபிகேட்டோடு வரச் சொல்லியிருந்தார்கள். களப்பணியில் தேறாவிட்டால் வருஷம் முழுக்கத் திரும்பப் படிக்க வேண்டும். அந்த வேலையும் வேறு யாருக்காவது போய்விடும்.

இப்படிப் பலவிதப் பிள்ளைகளுக்குத் துணையாக இருப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்பது என் எண்ணம். எந்த மொழியில் வேண்டுமானாலும் அறிக்கை எழுதலாம் என்று விட்டிருந்தேன். கன்னட அகராதி, மலையாள அகராதி இரண்டும் என் மேஜையில் உண்டு. வெள்ளிக்கிழமை தோறும் 'நம் பண்பாட்டைப் பகிர்வோம்' என்று ஒரு மணி நேரம் வைத்திருந்தேன், சார்ட் பேப்பரோடு. ஒரு வெள்ளிக்கிழமை காவேரியிடம், "உங்கள் சமூகத்தில் துக்கத்தை எப்படி எதிர்கொள்கிறார்கள்?" என்று கேட்டேன்.

"அழுவாங்க மேடம்."

"அப்புறம்?"

"மூஞ்சி கழுவுவாங்க."

சார்ட் பேப்பர் வெறுமையாகவே இருந்தது. இந்தப் பெண்ணிடம் ஆழம் போதாது என்று அன்றைக்கே மனதில் குறித்துக்கொண்டேன்.

எங்கள் மையத்தின் தலைவர் டாக்டர் வசுந்தரா. மல்லேஸ்வரத்துத் தமிழ்க் குடும்பம், கஞ்சி போட்ட புடவை, குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. யார் என்ன சொன்னாலும் உடனே பதில் சொல்ல மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மனதுக்குள் ஐந்து வரை எண்ணிவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அந்த ஐந்துக்குள் எதிரே இருப்பவர் தானாகவே எல்லாத் தப்பையும் ஒப்புக்கொண்டுவிடுவார். யாரும் ஒப்புக்கொள்ளாவிட்டால், "இன்ட்ரஸ்டிங்" என்பார். அந்த ஒரு வார்த்தைக்கு எங்கள் பியூன்கூட லீவு போட்டுவிட்டுப் போயிருக்கிறார்.

மாணவர்கள் எழுத வேண்டியது உரையாடல் பதிவு. ஒரு தாயையோ பிள்ளையையோ பார்த்துப் பேசினால், பேசியதை அப்படியே எழுத வேண்டும். நான்கு கட்டம். முதல் கட்டத்தில் அவர்கள் சொன்னது, இரண்டாவதில் மாணவர் சொன்னது, மூன்றாவதில் அந்த நேரத்தில் மாணவரின் உணர்வு. நான்காவது கட்டம் எனக்கு. அதில் நான் பச்சை மசியில் எழுதுவேன். சிவப்பு மசி மாணவர்களின் மனதைப் புண்படுத்தும் என்று நானே கண்டுபிடித்து மாற்றியிருந்தேன்.

சிஸ்டர் லிஸ்ஸியின் மூன்றாவது கட்டத்தில் கருணை, வேதனை, ஜெபம் எல்லாம் இருக்கும். பஸவராஜ் கன்னடத்தில் இரண்டு பக்கத்துக்கு உணர்ச்சிவசப்படுவான். காவேரியின் முதல் பதிவில் முதலிரண்டு கட்டங்களும் பிரமாதம். ஒரு வார்த்தை விடாமல் பிடித்திருந்தாள். மூன்றாவது கட்டத்தில் ஒரே ஒரு வார்த்தை. 'பசி.'

நான் பச்சையில் எழுதினேன்: 'பசி உடல் சார்ந்தது. மனம் என்ன சொல்கிறது?'

அடுத்த வாரம்: 'பசிக்குதுன்னு சொல்லுது.'

'இது தற்காப்பு. இன்னும் உள்ளே போய்ப் பார்.'

அதற்கடுத்த வாரம்: 'பசி. கொஞ்சம் பயம்.'

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பயம் என்பதன் கீழ் இரண்டு கோடு போட்டு, 'அருமை! எதைப் பற்றிய பயம்?' என்று எழுதினேன். பதில் வந்தது: 'கேன்டீன் மூடிடுவாங்களோன்னு.'

இதையும் நான் விடவில்லை. கேன்டீன் மூடுவது என்றால் கைவிடப்படுதல் அல்லவா? அப்பா இல்லாத பெண். எனக்குக் கண்கூடக் கலங்கியது. 'பசிக்கு அடியில் என்ன இருக்கிறது? நிதானமாகத் தேடு' என்று எழுதினேன். அவள் உண்மையாகவே தேடியிருக்கிறாள். 'நல்லா யோசிச்சுப் பாத்தேன் மேடம். அடியில காலிதான்.'

வெறுமை! இந்த வயதில் எவ்வளவு பெரிய வெறுமை! இந்தப் பெண்ணுக்கு வாரம் ஒரு மணி நேர மேற்பார்வை போதாது என்று முடிவு கட்டினேன். அதுவரை செவ்வாய்க்கிழமை மட்டும் ஒன்றிலிருந்து இரண்டு மணி வரை அவளோடு பேசிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒழிந்த நேரம் அது ஒன்றுதான். இனி அவள் களப்பணிக்கு வரும் எல்லா நாளும் ஒன்றிலிருந்து இரண்டு வரை என்று மாற்றினேன். ஒரு மாணவிக்காகத் தினமும் என் ஓய்வு நேரத்தைத் தியாகம் செய்கிறேன் என்று வீட்டில் பெருமை வேறு. அடுத்த பதிவில், 'ரொம்பப் பசி' என்று இருந்தது. 'நிலை மோசமாகிறது' என்று என் டைரியில் குறித்துக்கொண்டேன்.

வருஷக் கடைசியில் மதிப்பீட்டுப் படிவம் வந்தது. 'தன் உணர்வுகளை அறியும் திறன்' என்ற வரிக்கு எதிரே, காவேரிக்கு, 'போதாது' என்று எழுதினேன். அந்த வரியில் 'போதாது' வந்தால் களப்பணியில் தேறியதாகக் கொள்ள மாட்டார்கள். எனக்குத் தெரியும். வருத்தத்தோடுதான் எழுதினேன். கையெழுத்துப் போட்டு வசுந்தரா மேடத்தின் மேஜையில் வைத்தேன். அது ஒரு செவ்வாய்க்கிழமை.

மறுநாள் புதன்கிழமை பதினொரு மணிக்கு மினி வந்தாள். அந்தக் குழந்தையின் உண்மைப் பெயர் வேறு. ஏழு வயது. வீட்டில் தமிழில் வாய் ஓயாமல் பேசுவாளாம். வாசலைத் தாண்டினால் ஒரு சத்தம் வராது. பள்ளிக்கூடத்தில் ஒன்றரை வருஷமாக யாரும் அவள் குரலைக் கேட்டதில்லை. பாத்ரூம் போக வேண்டும் என்றுகூடக் கேட்க மாட்டாள். அவள் அம்மா வரும்போதெல்லாம் அழுவார். வேடிக்கையில்லை அது.

வசுந்தரா மேடமே நேரில் எடுத்துக்கொண்ட கேஸ். விளையாட்டு அறையில் பாய் விரித்து, பொம்மை வீடு, மணல் தட்டு, சொப்புச் சாமான் எல்லாம் பரப்பி, மேடம் தரையில் உட்காருவார். பேசு என்று சொல்ல மாட்டார். கேள்வி கேட்க மாட்டார். பிள்ளை என்ன செய்கிறதோ அதற்குப் பக்கத்தில் சும்மா இருப்பார். அதுதான் முறை, சரியான முறையும்கூட. ஆனால் ஏற்கெனவே பேசாத மேடமும் ஒன்றுமே பேசாத மினியும் முக்கால் மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும்? ஐந்து வாரம் இப்படி. மொத்த மையத்திலும் அப்படி ஒரு அமைதியான அறை கிடையாது.

அந்த அறையின் ஒரு சுவரில் பெரிய கண்ணாடி. விளையாட்டு அறையிலிருந்து பார்த்தால் முகம் பார்க்கும் கண்ணாடி. அதற்குப் பின்னால் ஒரு சின்ன இருட்டறை. அங்கிருந்து பார்த்தால் ஜன்னல் போல எல்லாம் தெரியும். மாணவர்கள் அங்கே உட்கார்ந்து பார்த்துக் கற்றுக்கொள்வார்கள். பேச்சு ஒரு ஸ்பீக்கர் வழியாகக் கேட்கும். பெற்றோரிடம் சொல்லிக் கையெழுத்து வாங்கிவிடுவோம். பிள்ளையிடம் அவர்களே சொல்லிவிட வேண்டும். இருட்டறைக்கான விதிகளை நானே எழுதி ஒட்டியிருந்தேன். பேசக் கூடாது. தும்மக் கூடாது. வளையல் சத்தம் கூடாது. தின்னக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, கொட்டை எழுத்தில்: எக்காரணம் கொண்டும் விளக்கைப் போடக் கூடாது. இருட்டறையில் விளக்கு எரிந்தால் கண்ணாடி கண்ணாடியாக இருக்காது, அந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் எல்லாம் தெரிந்துவிடும்.

அன்றைக்கு நான் பத்து நிமிஷம் தாமதமாக இருட்டறைக்குள் நுழைந்தேன். நுழைந்ததும் மூக்கில் ஏறியது வாசனை. காரா பன். பக்கத்து பேக்கரியில் வெங்காயம், பச்சை மிளகாய் போட்டுச் சுடச்சுட இறக்கும் காரா பன். என் இருட்டறையில்! நான் ஒட்டிய விதிக்குக் கீழேயே! யாரது என்று பிடித்தே ஆக வேண்டும் என்ற ஆவேசத்தில் கை தானாகச் சுவருக்குப் போயிற்று.

விளக்கைப் போட்டேன்.

சிஸ்டர் லிஸ்ஸி ஜெபமாலையோடு துள்ளி எழுந்தார். பஸவராஜ் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். காவேரியின் இரண்டு கன்னமும் பன்னால் உப்பியிருந்தன; கையில் மீதிப் பாதி. மூவருக்கும் பின்னால் ஸ்விட்சில் கை வைத்தபடி நான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், சொப்புக் கரண்டியைக் கையில் பிடித்தபடி மினி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வசுந்தரா மேடமும் திரும்பிப் பார்த்தார்.

விளக்கை அணைத்திருக்க வேண்டும். எனக்கு அது தோன்றவே இல்லை. காவேரிக்கு மெல்லவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. மினி எழுந்தாள். கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தாள். பன்னையே பார்த்தாள். ஸ்பீக்கரில் ஒரு சின்னக் குரல் கேட்டது.

"எனக்கு?"

ஒன்றரை வருஷம் வெளியே வராத குரல். சிஸ்டர் லிஸ்ஸி சிலுவை போட்டுக்கொண்டார். பஸவராஜ் எழுந்து உட்கார்ந்தான். வசுந்தரா மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அவர் ஐந்து வரை எண்ணுவதற்குள் காவேரி விழுங்கிவிட்டு, என்னைத் தள்ளிவிட்டு வெளியே ஓடி, விளையாட்டு அறைக் கதவைத் திறந்து உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனைக்கும் அது அவள் கேஸே இல்லை.

"இந்தா. காரமா இருக்கும், பாத்து."

மினி தலையாட்டிவிட்டு ஒரு கடி கடித்தாள். காரத்தில் உஸ் உஸ் என்றாள். காவேரி எதையும் கேட்கவில்லை, மீதியைத் தின்றாள். மேடம் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தார். பன் தீரும்போது மினிதான் பேச்சை ஆரம்பித்தாள்.

"நீங்க ஏன்க்கா இருட்டுல சாப்பிடறீங்க?"

"வெளிய சாப்ட்டா எல்லாரும் பாப்பாங்க. திட்டுவாங்க."

"என்னையும் எல்லாரும் பாக்கறாங்க. நான் பேசினா."

"ஆமாம்ல. நாங்ககூட அந்தாண்ட குந்திக்கினு உன்னியதான் பாத்துக்கினு இருந்தோம். சாரி."

"தெரியும். ஒருத்தர் தும்முவாங்க. ஒரு அண்ணா கொர் கொர்ருன்னுவாங்க."

பஸவராஜ் தலையைக் குனிந்துகொண்டான். தும்மல் என்னுடையது. யாராவது பார்ப்பார்களே என்று பயந்து வாயை மூடிக்கொண்ட குழந்தையை, ஐந்து வாரமாக இருட்டில் ஒளிந்து நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறோம். இதற்கெல்லாம் படிப்பு வேறு.

மினி விடவில்லை. "வீட்லயே சாப்பிட்டு வரலாம்ல?"

"காத்தால எங்கம்மா இருட்டோட வேலைக்குப் போயிடும். தண்ணி புடிச்சு, தம்பிங்களுக்குக் கட்டிக் குடுத்து அனுப்பினு ஓடி வரதுக்கே சரியாப் போயிடுது."

"அப்ப லன்ச்சு?"

காவேரி ஒரு நிமிஷம் கண்ணாடியைப் பார்த்தாள். இந்தப் பக்கம் விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. நான் அவளுக்கு நன்றாகவே தெரிந்திருப்பேன்.

"லன்ச்சு டைம்ல எங்க மேடம் என்னாண்ட பேசுவாங்க. அவங்க பேசி முடிக்கசொல்ல கேன்டீன் மூடிடும். நாலு மணிக்குத்தான் தொறப்பாங்க."

"அவங்க சாப்பிட மாட்டாங்களா?"

"சாப்டுவாங்க. சாப்ட்டுக்கினேதான் பேசுவாங்க."

இதற்கு மேல் மறைத்துப் பயனில்லை. ஒன்றிலிருந்து இரண்டு வரை என் தியாக நேரத்தில், நான் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, தயிர் சாதத்தையும் எலுமிச்சை ஊறுகாயையும் சாப்பிட்டுக்கொண்டே, எதிரே வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருந்த பெண்ணிடம், "பசிக்கு அடியில் என்ன இருக்கிறது?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மாதக்கணக்கில். அவள் பசி என்று எழுத எழுத, அவள் சாப்பாட்டு நேரத்தை நான் இன்னும் கொஞ்சம் பிடுங்கிக்கொண்டேன். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவளாவது யாரையும் பட்டினி போட்டதில்லை.

"சிஸ்டர், உங்களுக்கு இது தெரியுமா?" என்று திரும்பினேன்.

"எல்லார்க்கும் அறியும் மேடம். பாவம் குட்டி, அவளுக்கு விசப்பு, நல்ல பசி. அதான் இன்னைக்கி ஞான்தான் பன் வாங்கித் தந்தது" என்றார் சிஸ்டர் லிஸ்ஸி. பஸவராஜும் தலையாட்டினான். எங்கள் செக்யூரிட்டிக்குக்கூடத் தெரிந்திருந்தது. அவர் கேட்டில் போவோர் வருவோர் எல்லாரிடமும், "ஊட்டா ஆய்த்தா?", சாப்பாடு ஆயிற்றா என்று கேட்பவர். அந்த ஊரில் ஆட்டோக்காரர் கேட்பார், பூக்காரம்மா கேட்பார். அதைக் கேட்கத் தெரியாத அளவுக்குப் படித்தவள் நான் ஒருத்திதான்.

அன்று ஒரு மணிக்குக் காவேரியைக் கேன்டீனுக்கு அழைத்துப் போனேன். அவள் ராகி முத்தைக் களியை விழுங்கி முடிக்கும் வரை பொறுத்திருந்து கேட்டேன். "ஏன்மா ஒரு வார்த்தை சொல்லல?"

"எழுதிக்கினே இருந்தேனே மேடம்."

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். என் டப்பா எனக்குத் தெரியவில்லை.

ஆனால் படிவம் நேற்றே போய்விட்டிருந்தது. என் கையெழுத்தோடு 'போதாது' வசுந்தரா மேடத்தின் மேஜையில் இருந்தது. வெள்ளிக்கிழமை கல்லூரிப் பேராசிரியர் வந்து வாங்கிக்கொண்டு போவார். மேடத்தைப் பார்க்க இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும், "வெள்ளிக்கிழமை பேசலாம் ரெஜினா" என்றார். கேஸ் நடக்கும்போது விளக்கைப் போட்டதற்கு ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு இரண்டு நாளும் சோறு இறங்கவில்லை. காவேரிக்குப் படிவத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாது. தெரியாமல் அவள் என்னிடம் சிரித்துப் பேசியது இன்னும் கஷ்டமாக இருந்தது. ஒரு பெண்ணின் வருஷத்தையும் வேலையையும் தயிர் சாதம் தின்றுகொண்டே கெடுத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பேராசிரியர் வந்தார். வசுந்தரா மேடம் படிவத்தை அவரிடம் கொடுக்கவில்லை. காவேரியின் உரையாடல் பதிவுக் கட்டை எடுத்தார். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்றாவது கட்டத்தையும் நான்காவது கட்டத்தையும் மட்டும், ஏற்ற இறக்கமில்லாமல், நியூஸ் வாசிப்பது போல வாசித்தார். அவள் எழுதியது, நான் எழுதியது. அவள் எழுதியது, நான் எழுதியது. போனைப் பார்த்துக்கொண்டிருந்த பேராசிரியர் மூன்றாவது பக்கத்தில் போனைக் கீழே வைத்தார். 'காலிதான்' வந்தபோது கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். 'இந்த வெறுமையோடு தங்கியிரு' என்ற என் பச்சை மசிக் குறிப்பு வந்தபோது அவருக்குப் புரை ஏறி, பியூன் தண்ணீர் கொண்டுவர வேண்டியதாயிற்று.

மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு எண்ணுவதற்கு முன்னால் நான் எழுந்துவிட்டேன்.

"நான் போட்டது தப்பு மேடம். அந்தப் பொண்ணு முதல் வாரத்திலேர்ந்தே சரியாத்தான் எழுதியிருக்கா. தனக்கு என்ன உணர்வுன்னு அவளுக்குத் தெரியும். எனக்குத்தான் படிக்கத் தெரியல."

"இன்ட்ரஸ்டிங்" என்றார் மேடம். பிறகு வெற்றுப் படிவம் ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். "அடிச்சுத் திருத்த வேண்டாம் ரெஜினா. புதுசா எழுது. இங்கேயே, சார் முன்னாலயே. அந்தக் குழந்தைகிட்ட அவ ஒரு கேள்விகூடக் கேக்கல, கவனிச்சியா? அஞ்சு வாரமா நானும் கேக்கலைதான். ஆனா எங்கிட்ட பன் இல்ல."

முப்பது வருஷத்தில் அவர் அடித்த ஒரே ஜோக் அதுதான். சிரிக்கலாமா என்று தெரியாமல் எழுதினேன். காவேரி தேறினாள். ஜூனில் வேலைக்குச் சேர்ந்தாள். மினி ஒரே நாளில் சரியாகிவிடவில்லை; அப்படியெல்லாம் ஆகாது. மாதங்கள் பிடித்தன. காவேரி கோர்ஸ் முடியும் வரை பாயில் மேடத்தோடு உட்கார்ந்தாள். இருட்டறையில் ஆள் வைக்கும் முன் குழந்தையிடமே நேரில் கேட்பது என்று ஆயிற்று. என் ஒரு மணி மேற்பார்வைகள் எல்லாம் மூன்று மணிக்குப் போயின.

இதோடு முடித்திருந்தால் ஸ்லைடிலேயே போட்டிருக்கலாம். ரிசல்ட் வந்த மறுநாள் மத்தியானம் காவேரி தன் அம்மாவோடு என் அறைக்கு வந்தாள். வேலையிலிருந்து நேராக வந்திருந்தார் அந்த அம்மா. மாநகராட்சிக் கோட்டைக் கழற்றிக் கையில் மடித்து வைத்திருந்தார். இன்னொரு கையில் மூன்றடுக்குத் தூக்கு. நான் எழுந்தேன்.

"குந்துங்க மேடம், குந்துங்க. நீங்க எனுக்கு எந்திரிக்கறதாவது. உங்களப் பாத்து ஒரு வார்த்த சொல்லணும்னு எம்மா நாளா நெனச்சுக்கினு இருந்தேன். எம் பொண்ணு தினம் சொல்லும். மத்தியானம் ஆச்சுன்னா எங்க மேடம் என்னிய மட்டும் தனியாக் கூப்ட்டு, பக்கத்துல குந்த வச்சுக்கினு, அவங்க டப்பாவுலேர்ந்து சோறு போடுவாங்கம்மான்னு. நான் மூணு மணிக்கு எந்திரிச்சு ஆக்கிக் குடுக்கறேன்டின்னா, வேணாம் நீ தூங்கு, எடுத்துனு போனா மேடம் கோச்சுக்குவாங்கன்னும். வூட்ல பொண்ணு பட்டினியாப் போவுதேன்னு கவலையில்லாம நான் தெருவப் பெருக்குனேன்னா, அது உங்க புண்ணியம் மேடம்."

நான் காவேரியைப் பார்த்தேன். அவள் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, சொல்லிவிடாதீர்கள் என்று தலையை ஆட்டினாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த அம்மா அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டு தூக்கைத் திறந்தார். சோறு, கருவாட்டுக் குழம்பு, முட்டைப் பொரியல்.

"இத்தினி நாள் நீங்க போட்டீங்க. இன்னிக்கு ஒரு நாளு என் கையால நீங்க சாப்டணும்."

தட்டு என் முன்னால் வந்தது. "நீயும் உட்காரும்மா, சேர்ந்து சாப்பிடலாம்" என்று காவேரியிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னேன்.

"நீங்க சாப்டுங்க மேடம்" என்றாள் காவேரி, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டு. "நான் பாத்துக்கினு இருக்கேன். எனுக்குப் பழக்கந்தான்."

அவள் அம்மா இன்னும் ஒரு கரண்டி சோறு வைத்தார். வேண்டாம் என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. சாப்பிட்டேன்.